செக்போஸ்ட் வடகறி

போன ஞாயிற்றுக்கிழமை நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. அறுபதை நெருங்கிய பதினான்கு பேர் வேன் எடுத்துக்கொண்டு நெல்லூர்ப் பக்கம் கோயிலுக்குப் போகிறோம், காலை நாஷ்டாவுக்கு எங்கே நிறுத்தலாம் என்று நம்மில் ஹெட்மாஸ்டராகி ரிடையரானவர் கேட்டார். அடுத்த அரை மணி நேரம் என் போன் கத்திக்கொண்டே இருந்தது. செங்குன்றத்தில் நெய்ப் பொங்கல் என்றார் ஒருவர். சோழவரம் தாண்டினால் இடது கைப்பக்கம் ஒரு பூரிக் கடை என்றார் இன்னொருவர். சர்க்கரை நோய்க்கு மூன்று வேளையும் மாத்திரை போடுகிறவர்கள்கூட நெய் ரோஸ்ட் படம் அனுப்பினீர்கள். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றீர்கள். செக்போஸ்ட் வடகறி.

போனைத் தூக்கிக்கொண்டு திரிகிற பையன்கள் அந்த ஓட்டலைப் பற்றி ஆளுக்கொரு வீடியோ போட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து விடியற்காலையில் கார் கிளப்பிக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, செட் தோசையை வடகறியில் முக்கி, கண்ணை மூடிக் காட்டுகிறார்கள். ஓட்டல்காரரின் மகன் நம் குழுவில்தான் இருக்கிறார், நம்மோடு ஐந்தாம் வகுப்புப் படித்தவர். "எங்கம்மா கைப்பக்குவம், அப்படியே மெயின்டெய்ன் பண்றோம், வாங்க, வெயிட்டிங் இல்லாம உக்கார வெக்கிறேன்" என்று எழுதினார். நீங்கள் கைகூப்பிய பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினீர்கள்.

அதற்கு மேல் ஹெட்மாஸ்டர் என்னை இழுத்தார். "நீ செக்போஸ்ட்டாண்டயே வளந்தவளாச்சே, நீ இன்னா சொல்ற?"

சொல்கிறேன். கொஞ்சம் நீளம். இத்தனை வருடம் குழுவில் 'குட்மார்னிங்'கூடப் போடாதவள் ஒரே மூச்சில் கொட்டுகிறாளே என்று நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கவலையில்லை.

அந்தக் காலத்தில் ஆந்திராவிலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் வருகிற எந்த லாரியும் எளாவூரில் நின்று பேப்பர் காட்டாமல் தாண்ட முடியாது. விடிவதற்குள் வரிசை ஒரு மைல் நீண்டுவிடும். குண்டூர் மிளகாய் லாரி வந்தால் தெருவே தும்மும். வெங்காய லாரியின் அடியில் தோல் பறந்துகொண்டிருக்கும். டீசல் புகை, சூடான டயர் வாடை, கிளீனர்கள் எழுந்ததும் எரிக்கிற ஊதுவத்தி, இவைதான் எங்களுக்குக் காலை. எங்கள் தெரு அந்த வரிசையின் நடுப்பகுதிக்கு நேராக, ரோட்டைவிட்டு ஐம்பதடி உள்ளே இருந்தது. உங்களில் பாதிப் பேர் அந்தத் தெருவுக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஏன் வந்ததில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. அந்த வருடம் ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. நடவு, களை என்று கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவுக்கு வேலையில்லை. நைனா செக்போஸ்ட்டில் ஒரு புரோக்கரிடம் இருந்தார். லாரிக்காரர்களின் பில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கும் வரிசைக்கும் ஓடுவது அவர் வேலை. சாயங்காலம் ஊட்டுக்கு வந்தால் ஓடிய கதையைத்தான் சொல்வார். அதைக் கேட்டுக்கேட்டு அம்மாவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வரிசையில் நிற்கிற டிரைவர் சீட்டைவிட்டு இறங்க மாட்டான். இறங்கினால் பின்னால் நிற்கிறவன் மூக்கை நுழைத்துவிடுவான். வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் செங்கல் ஓட்டல், இன்றைக்கு நீங்கள் போகிற அதே ஓட்டல்தான், இருந்தும், பாதி டிரைவர்கள் பசியோடு பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அவன் எறங்க முடியலன்னா நாம ஏறலாம்" என்றாள் அம்மா. எங்கள் தெரு முனையில் நாலு கம்பு நட்டு ஒரு பழைய தார்ப்பாயைக் கட்டினாள். இட்லியும் வடகறியும் மட்டும். பிளேட்டில் வைத்து லாரி லாரியாகக் கொண்டுபோய் ஜன்னல் வழியாக நீட்டுவாள்.

மொத்தம் பதினெட்டு அலுமினியத் தட்டுகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் நைனா ஆணியால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். சாப்பிட்டவர்கள் தட்டை முன்பக்க பம்பர் மேல் வைத்துவிட வேண்டும். கவிழ்த்து வைத்தால் போதும் என்று அர்த்தம். நிமிர்த்தி வைத்தால் இன்னும் இரண்டு இட்லி கொண்டு வா என்று அர்த்தம். ஒரு வாரத்தில் தமிழ்க்காரன், தெலுங்குக்காரன், தலைப்பாகை கட்டிய பஞ்சாபி வரை எல்லோருக்கும் இந்தப் பாஷை பழகிவிட்டது. தட்டுகளைப் பார்த்துக்கொண்டு வரிசை நெடுக ஓடுவது நான். சில சமயம் நான் போவதற்குள் வரிசை நகர்ந்து, தட்டு பம்பர் மேலேயே மாதவரம் போய்விடும். நாலு நாள் கழித்து லாரி திரும்பும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து "பாப்பா, உன் பிளேட்டு!" என்று குரல் வரும். பீகார் வரை போய் வந்த தட்டுகூட ஒன்று உண்டு. திரும்பி வராதவையும் உண்டு.

வடகறியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்காகத்தானே போகிறீர்கள். அன்றைக்குச் செங்கல் ஓட்டலில் நேற்று மிஞ்சிய மசால் வடையை உதிர்த்துப் போட்டுத்தான் வடகறி. அம்மாவிடம் மிஞ்சுவதற்கு வடையும் இல்லை, பொரிக்கிற அளவுக்கு எண்ணெயும் இல்லை. கடலைப்பருப்பைக் கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டிலேயே வேகவைத்து, சுடச்சுடக் கையால் பிட்டுப் போடுவாள். விரல் நுனி எப்போதும் சிவந்திருக்கும். சோம்பும் பட்டையும் தாளித்த குழம்பில் அந்தத் துண்டுகள் ஊறி, கடைசியில் தேங்காய் அரைத்து விடுவாள். இன்றைக்கு வீடியோவில் "எண்ணெயே இல்லாத, பஞ்சு மாதிரி பருப்பு" என்று ஒரு பையன் வியக்கிறானே, அது எங்கள் வீட்டில் எண்ணெய் இல்லாததால் வந்தது.

தேங்காய் போட்ட கறி கத்திரி வெயிலில் நிற்காது. அம்மா அதில் மகா கறார். "ஒன்பதரை பாசஞ்சர் கூவுனா குண்டான கவுத்துடணும்" என்பாள். எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரயில் கூவியதும் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிடுவாள். எனக்கு அழுகை வரும். எங்களுக்காவது கொடேன் என்பேன். "உனக்கு வேற வயிறா?" என்பாள்.

செங்கல் ஓட்டலில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி டம்ளர். கொல்லைச் சுவரில் ஆணியில் தொங்கும். நாங்களே எடுத்து, நாங்களே கழுவி, நின்றுகொண்டு குடிக்க வேண்டும். அதே ஓட்டலின் வாசலைப் பார்த்தபடி அம்மா தன் பெயரில் ஒரு அடுப்பு போட்டாள். உள்ளூர்க்காரன் ஒருவன்கூட வந்து சாப்பிடவில்லை. "லாரிக்காரனுக்கு ரோடு தெரியும், தெரு தெரியாது" என்று சிரிப்பாள். தலைக்கு எண்ணெய் வைத்து, ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நடப்பாள். யாரிடமும் கூலிக்கு நிற்காமல் அவள் நின்று நான் பார்த்தது அந்த நாலு வாரம்தான். அந்தக் கடை நிலைத்தால் அவள் மறுபடி வயலில் குனிய வேண்டாம். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஒல்லியாக ஒரு டிரைவர் வருவார், நெல்லூர்க்காரர். தலையில் ஈரத் துண்டு போட்டிருப்பார். வடகறி என்றால் உயிர், குழம்பை மட்டும் தனியாகக் கேட்டுக் குடிப்பார். அம்மாவை "அக்கா" என்றும் என்னைப் "பிளேட்டு பாப்பா" என்றும் கூப்பிடுவார். அன்று காலை அவர் முகம் வெளிறிப்போய் இருந்தது. "காரம் வேணாக்கா, சக்கர இருந்தா குடு" என்றார். இரண்டு இட்லியைச் சர்க்கரையில் தொட்டு ஒன்றரைதான் சாப்பிட்டார். தட்டைக் கவிழ்க்காமல் என் கையிலேயே கொடுத்தார். எனக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் மிச்சமிருந்த அரை இட்லியை நான்தான் தின்றேன்.

அன்று கவுண்டரில் ஏதோ தகராறு, வரிசை நகரவேயில்லை. ஒன்பதரை பாசஞ்சர் கூவியது. அம்மா குண்டானைத் தூக்கப் போனாள். அப்போதுதான் அந்த லாரியின் கிளீனர் கத்திக்கொண்டு ஓடி வந்தான். டிரைவர் ரோட்டோரத்தில் விழுந்து வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார். நாலு பேர் தூக்கிப்போய்ச் செங்கல் ஓட்டலின் நிழலில் கிடத்தினார்கள். ஓட்டல்காரர் கல்லாவைவிட்டு இறங்கி வந்தார்.

"எங்கடா துன்னாரு?"

கிளீனர் எங்கள் தார்ப்பாயைக் காட்டினான்.

டிரைவரை வேறொரு லாரியில் ஏற்றிக் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் போன பிறகு கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. அதுவரை எங்கள் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காத உங்கள் அப்பாக்கள் அன்றைக்கு ரோட்டைத் தாண்டி வந்தார்கள். ஹெட்மாஸ்டர் அவர்களே, உங்கள் அப்பா முன்வரிசையில் நின்றார். நீங்கள் அவர் விரலைப் பிடித்திருந்தீர்கள்.

"தேங்காய போட்டுக்கினு இந்த வெயில்ல வெச்சுக்கினு இருந்தா கெடாம இன்னா பண்ணும்? வடகறிதான் கெட்டுப்போயிருக்கு" என்றார் ஓட்டல்காரர்.

"அவுரு வடகறி துன்னவே இல்ல, சக்கரதான் தொட்டுக்கினாரு" என்றேன் நான். உரக்கத்தான் சொன்னேன்.

"பெரியவங்க பேசறப்ப பொடிசுக்கு இன்னா பேச்சு" என்று உங்கள் அப்பாதான் என்னை அதட்டினார். அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பேச்சு நீண்டது. இந்தத் தெருவுக்கெல்லாம் கடை எதுக்கு என்றான் ஒருவன். தண்ணியே சரியில்ல என்றான் இன்னொருவன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நைனா பில் கட்டோடு வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். புரோக்கரும் ஓட்டல்காரரும் பங்காளிகள். நைனா அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமோ சாவோ, பந்தி போட்டால் சமைத்தவள் முதலில் எல்லோர் முன்னாலும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவாள். சாப்பாட்டின் மேல் யாராவது குற்றம் சொன்னால், மிச்சம் இருப்பதைக் குற்றம் சொன்னவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. எங்கள் ஆட்களுக்கு அது சத்தியம் செய்வதைவிடப் பெரிது.

"துன்னு காட்டு. எல்லார் வாயும் மூடும்" என்றார் நைனா.

அம்மா தலையைத் தூக்கி வெயிலைப் பார்த்தாள். பிறகு குண்டானைப் பார்த்தாள். ரயில் கூவி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. தினமும் ஒன்பதரைக்குக் குழியில் கொட்டுகிறவளுக்குத் தெரியாதா? தெரியும். "யோவ்" என்று நைனாவைப் பார்த்து ஆரம்பித்தாள். என்ன சொல்ல வந்தாளோ, கூட்டத்தில் யாரோ, "பாரு, அவளே பயப்படுறா" என்றான்.

அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்தாள். கரண்டியால் அள்ளித் தட்டில் போட்டு, ஓட்டல்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். ஒரு கரண்டி இல்லை, மூன்று. முதல் வாயிலேயே அவள் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கடைசியில் தட்டை வழித்து நக்கினாள். நைனா மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"பாக்கலாம்" என்றார் ஓட்டல்காரர்.

பார்த்தார்கள். மூன்று மணிக்கு அம்மா தார்ப்பாய்க் கம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஒரு மைல் லாரி வரிசையும், ரோட்டின் அந்தப் பக்கமும், பஸ்ஸுக்கு நின்றவர்களும் பார்க்க எடுத்தாள். "அவ செஞ்சத அவளே துன்னு அவளே கக்குறா" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஓட்டல்காரர் மகனே, ஆறாம் வகுப்பின் முதல் நாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் அம்மா மாதிரி உவ்வே என்று நடித்துக் காட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கைதட்டியவர்கள் யார் யார் என்று நான் பட்டியல் தரத் தயார். எல்லோரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள்.

நைனாவை நான் ரொம்ப நாள் கோழை என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. புரோக்கரையும் பகைக்காமல் பெண்டாட்டியையும் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் பழக்கம்தான். எங்கள் தெருவுக்குள் அது செல்லும். ரோட்டின் மேல் செல்லாது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். செத்துப் பதினோரு வருடம் ஆகிறது, அந்த "துன்னு காட்டு" மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அடுத்த மூன்று நாள் அம்மா இட்லி அவித்து லாரி லாரியாகக் கொண்டு போனாள். "வேணாக்கா" என்று கையை ஆட்டினார்கள். பஞ்சாபி மட்டும் ஒரு பழத்தை அவள் கையில் வைத்தார். அது இன்னும் கேவலமாக இருந்தது. நாலாம் நாள் தார்ப்பாயைச் சுருட்டினாள்.

பத்து நாள் கழித்து நைனா ஒரு சேதியோடு வந்தார். செங்கல் ஓட்டலில் டிரைவர்கள் வடகறியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்களாம். அவர்கள் நாக்கு அம்மாவின் கறிக்குப் பழகிவிட்டிருந்தது.

"உன்ன வர சொல்றாரு. பின்னாடி கதவால வந்து கறி வெச்சு குடுக்கணுமாம். முன்னாடி தல காட்டக் கூடாதாம். யாராண்டயும் மூச்சு வுடக் கூடாதாம்."

"என் கைல துன்னா பேதி புடுங்கும்னாரே?"

"அதெல்லாம் இப்ப பேசி இன்னா ஆவப் போவுது? பேஜாரு பண்ணாத. இவளுக்கு ஸ்கூலு தொறக்குது."

அம்மா மறுநாள் கோழி கூவ எழுந்து போனாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமையலறைக்கும் முன்னால் ஆட்கள் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் ஒரு சாக்குத் திரை தொங்கியது. அந்தப் பக்கம் மின்விசிறி, சாமி படம், பெஞ்சு. இந்தப் பக்கம் புகை, சாக்கடை, அம்மா. தாகம் எடுத்தால் கொல்லைச் சுவரில் தொங்கிய தனி டம்ளரில்தான் குடிக்க வேண்டும். அவள் கையால் பிட்டுப் போட்ட பருப்பு திரையைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், அவள் வாய் வைத்த டம்ளர் போகக் கூடாது. இதில் என்ன கணக்கு என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. ஓட்டல்காரரின் மனைவி நல்ல பெண்மணிதான். ஆனால் அந்த அம்மா அடுப்புப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. மகன் எழுதுகிறார், 'எங்கம்மா கைப்பக்குவம்' என்று.

ஐந்தாறு நாள் போனது. பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது. குண்டானைத் திரை வரை கொண்டுபோய் வைப்பது என் வேலை, அங்கிருந்து சர்வர் எடுத்துக்கொள்வார். அன்று அவர் வரவில்லை. "பாப்பா, கொண்டாந்து வெச்சுட்டு ஓடு" என்று கல்லாவிலிருந்து ஓட்டல்காரர் குரல் கொடுத்தார். முதல் முறையாகத் திரைக்கு அந்தப் பக்கம் போனேன். அப்பாக்கள் தோசை தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் பிள்ளைகள். ஹெட்மாஸ்டர் இருந்தீர்கள். இப்போது ஆவடியில் வீடு கட்டியிருக்கிறவர் இருந்தீர்கள். ஓட்டல்காரர் மகன் கல்லாவுக்குக் கீழே கோலி ஆடிக்கொண்டிருந்தீர்கள்.

சுவரோரப் பெஞ்சில் அந்த நெல்லூர் டிரைவர் உட்கார்ந்திருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். ஒரு வாய் தோசையைக் கறியில் தொட்டு வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"அண்ணா, இது யாரு கை?" என்று கல்லாவைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க ஊட்டம்மா கை" என்றார் ஓட்டல்காரர்.

"இல்லியே. இது அந்த தார்ப்பாய் கட அக்கா வெச்சதாச்சே." திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. "ஏய், பிளேட்டு பாப்பா! அம்மா எங்க? ரெண்டு தபா வந்து தேடிட்டேன், கடய காணோம். அன்னிக்கு எனக்கு இங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே, சூளூர்பேட்டை தாண்டறதுக்குள்ளயே வயிறு போச்சு. முந்தின நாளு எங்கயோ கள்ளு குடிச்சேன், அந்த வெனதான். டாக்டராண்டயும் அதத்தான் சொன்னேன். உங்க சாப்பாட்டால இல்ல. அத அக்கா மூஞ்சிய பாத்து நான் சொல்லணும். எங்க அவங்க?"

நல்ல உரத்த குரல் அவருக்கு, லாரிக்காரர் குரல். ஒரு வார்த்தை விடாமல் எல்லோருக்கும் கேட்டது. என் முதுகுக்குப் பின்னால் இரண்டு கை தூரத்தில் சாக்குத் திரை. அதற்குப் பின்னால் அம்மா. கரண்டிச் சத்தம் நின்றுவிட்டதை நான் கேட்டேன்.

ஓட்டல்காரர் என்னைப் பார்த்தார். அதட்டவில்லை, கண்ணை உருட்டவில்லை. சும்மா பார்த்தார். எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. 'யாராண்டயும் மூச்சு வுடக் கூடாதாம்' ஞாபகம் வந்தது. தோசை தின்கிற அத்தனை வாய்களும், இது யார் கை என்று தெரிந்தால் என்ன செய்யும் என்பதும் ஞாபகம் வந்தது. எனக்குப் பத்து வயது. எல்லாம் புரிந்தது.

"அம்மா இங்க இல்ல. ஆந்திராவுல எங்க பெரியம்மா ஊட்டுக்குப் போய்ட்டாங்க" என்றேன்.

"அய்யோ" என்றார் அவர். "வந்தா சொல்லு பாப்பா. நான் சொன்னேன்னு சொல்லு." கையைக் கழுவிக்கொண்டு போனார். தோசை பாதி அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நான் அங்கேயே நின்றேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நின்றேன். அடடா, அந்தப் பொம்பளை மேல் தப்பில்லையா என்று ஒரு வாய். ஒரே ஒரு வாய். ஹெட்மாஸ்டரின் அப்பா இன்னும் கொஞ்சம் வடகறி கேட்டார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். நீங்களும் சாப்பிட்டீர்கள்.

திரைக்குப் பின்னால் போனபோது அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள். "சரியாத்தான் சொன்ன" என்றாள். அடி விழும் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கேயே பத்தொன்பது வருடம் சமைத்தாள். ஓட்டல் பெரிதானது, மாடி வந்தது, தனி டம்ளர்கள் ஒருநாள் சத்தமில்லாமல் காணாமல் போயின. செக்போஸ்ட் வரிசையும் போய்விட்டது. அவள் திரைக்குப் பின்னாலேயே இருந்தாள். தன் கைப்பக்குவம் அப்படியே வருகிற மாதிரி இரண்டு பேருக்குக் கறி வைக்கக் கற்றும் கொடுத்தாள். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது, திருநின்றவூரில் ஃபிளாட் வாங்கி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் காலையைப் பற்றி நான் பேச்செடுத்ததே இல்லை. அவள்தான் எடுப்பாள். வருடத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு முறை, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதோ டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதோ, புதுசாகக் கேட்பது மாதிரி கேட்பாள்.

"அந்த டிரைவர் இன்னா சொன்னான்?"

"உங்க சாப்பாட்டால இல்லன்னு சொன்னாரும்மா."

"சத்தமா சொன்னானா?"

"சத்தமாத்தான் சொன்னாரு."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்கம்மா."

அது போதும் அவளுக்கு. மறுபடி கீரையைப் பார்க்கத் திரும்பிவிடுவாள்.

போன கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை. சாகிறதற்கு முந்தின நாள் மத்தியானம் கண் திறந்து அதே கேள்வியைக் கேட்டாள். நானும் அதே பதில்களைச் சொன்னேன். எல்லாரும் கேட்டாங்கம்மா என்றேன். வழக்கமாக அங்கே நிறுத்திக்கொள்கிறவள் அன்றைக்கு நிறுத்தவில்லை.

"கேட்டுட்டு இன்னா சொன்னாங்க?"

நாற்பது வருடத்துக்கு மேல் அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனிகள் தடித்துப்போய் இருந்தன.

"தெரியாம பேசிட்டோம், தப்பா நெனச்சுக்காதம்மான்னு அத்தன பேரும் சொன்னாங்கம்மா" என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உங்களுக்காக அந்தப் பொய்யையும் நான்தான் சொன்னேன்.